வாசிக்காத ஆசிரியரின் வாய்ச்சொல்

பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு கெடு. அதுமுதல் ஆசிரியர் அறை மேசைகளில் கைடுகள் குவிகின்றன. காலமெல்லாம் பாடம் நடத்தியவரை மறுபடி தேர்வெழுதச் சொல்வது முறையா என்பதைச் சங்கங்கள் கேட்கட்டும். உறுத்துவது வேறொன்று: பாடநூல் தவிர எந்த நூலும் நெடுங்காலம் ஏறாத மேசைகளும் அவற்றில் உண்டு.

தான் வாசிக்காதவர் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வது அறமாகுமா? ஆகாது. தான் உண்ணாத சோற்றைப் பிறர் இலையில் வைத்து ருசிக்கு உத்தரவாதம் தருவது போன்றது அது.

ஆசிரியர் ஆகத் தகாதவர்களை நன்னூல் பாயிரம் நான்கு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய குடுக்கையில் பஞ்சைத் திணிப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. கைடை மட்டும் நம்பித் தகுதித் தேர்வின் 150 வினாக்களுக்குத் தயாராகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவதைக் கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். சாகும்வரை ஒருவன் கல்லாமல் இருப்பது ஏன் என்றும் வியந்தார். பாண்டியன் நெடுஞ்செழியனோ, பொருள் கொடுத்தும் பணிவிடை செய்தும் கற்கச் சொன்னான். அரசனே அப்படிச் சொன்னான் என்றால் ஆசிரியர்க்கு விலக்கு ஏது?

உ.வே.சா.வை நினைக்க வேண்டிய இடம் இது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். படித்த அந்தாதி, கலம்பகங்களை அடுக்கிச் சொன்னபோது, முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. பதவியைக் காட்டி மழுப்பாமல் உ.வே.சா. பிரதியை வாங்கிப் படித்தார், சமணர் வீடுகளில் போய்ப் பொருள் கேட்டார். 1887இல் பதிப்பு வந்தது. கற்பிக்கும் வேலையில் இருந்துகொண்டே கற்றவர் அவர்.

பள்ளி நூலகம் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையின் பீரோதான். புத்தகம் தொலைந்தால் தலையில் விழுமோ என்ற பயத்தில் சாவி இழுப்பறையில் தங்கிவிடுகிறது. இருப்புப் பதிவேடு மட்டும் பழுதில்லாமல் இருக்கும். திறந்துவிட்டாலும் யாருக்கு எதைக் கொடுப்பது? கிரிக்கெட் பைத்தியமான ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஒரு நூல், எழுத்துக்கூட்டித் தடுமாறும் பெண்ணுக்கு வேறொன்று. அந்தப் பொருத்தம் பார்க்க, பீரோவில் உள்ளதை ஆசிரியர் படித்திருக்க வேண்டும். “இது முடிஞ்சுது டீச்சர், அடுத்தது?” என்று வந்து நிற்கிற பிள்ளையிடம் படிக்காதவர் என்ன சொல்வார்?

ஆசிரியருக்கு நேரமில்லை என்பார்கள். எமிஸ் தரவுத் தளப் பதிவேற்றம், வாக்காளர் பட்டியல், வீட்டு வேலை எல்லாம் உண்மை. ஓய்வுநேரம் அவரவர் உரிமை என்பதும் சரி. ஆனால் கம்பனை முழுதும் முடி என்று யார் கேட்டார்கள்? வாசிப்பு இயக்கத்துக்காகத் தமிழ்நாடு அரசு ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் தந்தவை மெலிந்த சிறுநூல்கள். தேநீர் ஆறுவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். அதையும் புரட்டாமல், “எடுத்துப் படிங்கடா” என்று வகுப்பில் போட்டுவிட்டுக் கைப்பேசியைத் திறப்பவர் நேரமில்லை என்று சொல்லக் கூடாது.