பெயரும் வெட்டும்

மழைக்காட்டின் உயரமான மரத்தை அறிய விரும்புபவனுக்கு முதல் இடைஞ்சல், மரம் தன்னைக் காட்டுவதில்லை என்பது. லின்னேயஸ் 1753-ல் பூவின் உறுப்புகளை எண்ணித் தாவரங்களை வகைப்படுத்தினார். இங்கே பூ இருப்பது தலைக்கு மேல் எண்பது, நூறு அடியில். கீழே நிற்பவனுக்கு அடிமரமும் உதிர்ந்தவையும்தான்.

ஆகவே பட்டையில் கத்தியால் சிறிதாக வெட்டிப் பார்ப்பது கள ஆய்வாளர் வழக்கம். களக்காடு, ஆனைமலைக் காடுகளில் சேர்ந்து வளரும் இரண்டு மரங்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பால் கசிந்தால் இலுப்பைக் குடும்பத்துப் பலாக்குவியம். பாலின்றி ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரிந்தால் வெடிப்பலாவாக இருக்கலாம்.

அறிவதற்காகக் காயப்படுத்தலாமா? மரம் இதனால் சாவதில்லை, வெட்டு ஆறிவிடும். என் ஆட்சேபம் வேறு. வெட்டு பார்வையைச் சுருக்கிவிடுகிறது. வெடிப்பலாவில் வெட்டாமலே தெரிபவை எத்தனை! பலகை வேர், வழுவழுப்பான சாம்பல் வெள்ளைப் பட்டை, முதிர்ந்த மரத்தில் அது வட்டச் சில்லுகளாக உரிவது, விழுந்த இலையைத் திருப்பினால் வெள்ளியாகவோ செம்பொன்னாகவோ மினுங்கும் நுண்செதில்கள், இலைக்காம்பின் மேல்முனை மூட்டுப்போலப் புடைத்திருப்பது, வெடித்த முட்காயின் ஓடு. பூவுக்கு இதழே கிடையாது. சதைப்பற்றான புல்லிவட்டத்தைச் சிங்கவால் குரங்கு தின்று சிந்துவதைக் கீழே பொறுக்கலாம். செக்கின் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடும் குமாஸ்தா ஒரு சுழியை மட்டும் பார்ப்பதில்லை, மொத்தப் போக்கைப் பார்க்கிறான். (பிழைப்புக்கு அதைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.)

சரி, கிடைக்கும் பெயர்தான் என்ன? கல்லேனியா எக்ஸாரில்லாட்டா. முதற்பாதி, திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லனுக்கு ராபர்ட் வைட் செய்த மரியாதை. பிற்பாதி 1970-ல் ரோபின்ஸ் இட்டது. விதையைச் சுற்றிய சதையுறை இல்லாதது என்று பொருள். உறவுக்கார டுரியானில் நாம் தின்பது அந்த உறையைத்தான். ஒரு ராணுவ அதிகாரியையும் ஓர் இல்லாமையையும் மரம் சுமந்து நிற்கிறது. தமிழ்ப் பெயரும் யோக்கியமில்லை. இதற்கும் பலாவுக்கும் முள் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இதைக் காட்டி, பெயர் வேண்டாம், அனுபவம் போதும் என்கிற கவிஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் வரிகளில் ‘மரம்’ நிற்கும். எந்த மரம் என்றால் கேள்வி குமாஸ்தாத்தனமாகிவிடும். எனக்கு இது சோம்பலின் தத்துவமாகவே படுகிறது. பெயரில்லாத காடு வெறும் பச்சை. பச்சையை ஓர் அணைக்கு ஈடாகக் கொடுப்பது சுலபம். சைலண்ட் வேலி விவகாரத்தில் சிங்கவால் குரங்கு பெயர் சொல்லிப் பேசப்பட்டது. வெடிப்பலா அதன் முக்கிய உணவு மரங்களில் ஒன்று. 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. பெயர்தான் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். பெயரின்றி வாதத்தைத் தொடங்கியிருக்கவே முடியாது.

கத்திக்குத் திரும்பினால்: தலைகள் பின்னிக் கிடக்கும் காட்டில், விழுந்த இலை எந்த மரத்தினது என்று நிச்சயிக்க முடியாத இடங்கள் உண்டு. அங்கே வெட்டுபவனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரே மரத்தில் நாலைந்து பழைய தழும்புகள் தெரிந்தால், முன்னே வந்தவன் எழுதிவைக்கவில்லை, அல்லது பின்னே வந்தவன் படிக்கவில்லை.