ஞாபகமும் அவகாசமும்

சுண்டெலி புதிய தீனியை எளிதில் நம்புவதில்லை. அதைத் தின்றுவிட்டு வந்த இன்னொரு எலியின் வாயை முகர்ந்து பார்க்கிறது. தீனியின் மணம் மட்டும் போதாது. மூச்சிலிருக்கும் கார்பன் டைசல்பைடும் அதோடு கலந்திருக்க வேண்டும். மறுநாள் இருவகைத் தீனி வைத்தால் முகர்ந்த மணமுள்ளதையே அதிகம் தின்னும். கல்வியின் ஆகக் குறைந்த வடிவம் இதுவென்று எனக்குப் படுகிறது.

ஞாபகம் நீடிக்கத் தேவையான ஜீன்களை முடுக்கிவிடும் புரதம் ஒன்று உண்டு. கிரெப் என்பார்கள். அதன் முக்கிய வடிவங்கள் இல்லாதபடி ஜீன் மாற்றப்பட்ட சுண்டெலிகளிடம் நீண்ட ஞாபகம் நிற்பதில்லை என்று அல்சினோ சில்வாவின் குழு 1994இல் காட்டியது. மணத்தைக் கற்பதிலும் அதே கதை: முகர்ந்தவுடன் தெரிகிறது, மறுநாள் இல்லை. விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் நமக்கு வசதி. தலையெழுத்து என்ற பழைய சொல்லின் இடத்தில் ஜீனை வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் 1997இல் அதே குழு, சந்திப்புகளுக்கு நடுவே போதிய இடைவெளி விட்டுப் பார்த்தது. அந்த எலிகள் மறுநாளும் மறக்கவில்லை. ஜீனை யாரும் செப்பனிட்டிருக்கவில்லை.

உடனே, ஜீனாவது ஒன்றாவது என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குறை நிஜம். மற்ற எலிகளுக்கு அவசியமில்லாத இடைவெளி இவற்றுக்கு அவசியமாகிறது. இங்கேதான் சமத்துவம் சிக்கலாகிறது. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பாடம், ஒரே நாளில் பரீட்சை என்பதை நாம் நியாயம் என்கிறோம். அந்த நியாயப்படி இந்த எலியைச் சோதிப்பவர் அளப்பது அதன் ஜீனையா, தமது கால அட்டவணையையா? இரண்டையும்தான். தோல்வி மட்டும் எலியின் கணக்கில் விழுகிறது.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவதில் அபாயம் உண்டு. ஒரு பையனின் மந்தத்துக்குக் கிரெப்தான் காரணமென்று சொல்ல வரவில்லை. என் கேள்வி தீர்ப்பைப் பற்றியது. 'இவனுக்கு மண்டையில் ஏறாது' என்று சொல்லுமுன் எத்தனை விதமாக இடைவெளியை மாற்றிப் பார்த்தோம்? சோதனைக்கூடத்தில் இதற்குக் கூண்டும் கடிகாரமும் போதும். 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவனுக்காகக் காத்திருந்தால் அது மற்ற 39 பேரின் நேரம். அவர்கள் அவனுக்குக் கடன்பட்டவர்களா? ஆம் என்றே நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் என்னிடம் அளவுகோல் இல்லை. 39 பேரில் ஒருவனாக உட்கார்ந்திருந்தவனிடமும் இதைக் கேட்க வேண்டும்.