ஓடுகிறவனுக்கு ஒரே டேக்

கறுப்பு உடை, கையில் கிட்டார் பெட்டி. வேலை தேடி ஒரு சிற்றூருக்குள் நடந்து வருகிறான் பாடகன். அதே கறுப்பு உடையில், பெட்டி நிறையத் துப்பாக்கிகளோடு இன்னொருவனும் அங்கே திரிகிறான். அவனைத் தேடும் தாதாவின் அடியாட்களுக்கு ஆள் அடையாளம் குழம்புகிறது. பாடகன் ஓடத் தொடங்குகிறான். ‘எல் மரியாச்சி’ படத்தின் கதை இவ்வளவுதான்.

ஏன் துரத்துகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு ஓட நேரமும் இல்லை. காரணம் கேட்பது உட்கார்ந்திருப்பவர்களின் வசதி என்று தோன்றுகிறது.

*

1991இல் மெக்சிகோவின் சியுதாத் அகுன்யா ஊரில் இந்தப் படத்தை எடுக்கும்போது இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸுக்கு வயது 23. மொத்தச் செலவு ஏறத்தாழ 7,000 டாலர். அதில் ஒரு பங்கு, மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. ஒரு மாதம் பரிசோதனைக் கூடத்தில் அடைபட்டுக் கிடந்தபோதே திரைக்கதையையும் எழுதினார். பக்கத்தில் படுத்திருந்த பீட்டர் மார்க்வார்ட்டைத்தான் தாதாவாக்கினார். படம் ஸ்பானிஷில், அவருக்கோ ஸ்பானிஷ் தெரியாது!

அடைபட்டுக் கிடந்தவன் ஓட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். இதைக் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்துப் பார்த்தேன்.

*

டிராலி கிடையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பிடித்துக்கொள்வார், யாராவது தள்ளுவார்கள். ஃபிலிம் விலை அதிகம், அதனால் பெரும்பாலும் ஒரே டேக். உண்மைத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டால் ஒருமுறை வெடித்துச் சிக்கிக்கொள்ளும். எனவே ஒரு வெடிப்பு, கட். இன்னொரு கோணம், இன்னொரு வெடிப்பு, கட். சேர்த்துப் பார்த்தால் சரமாரியாகச் சுடுகிறான்.

ஒலிப்பதிவு இன்னும் விசித்திரம். இரைச்சல் போடும் கேமரா. நடித்து முடித்த பிறகு அதே நடிகர்களை அதே வசனத்தைச் சொல்லச் சொல்லி டேப்பில் பிடித்துக்கொண்டார். எடிட்டிங்கில் வாயசைவு விலகும் இடத்தில் சட்டென்று வேறு முகத்துக்கு, இல்லாவிட்டால் நாய்க்கு வெட்டிவிடுவார். விமர்சகர்கள் படத்தின் வேகத்தைப் புகழ்ந்தார்கள். வேகத்தில் பாதி, பொருந்தாத உதடுகளை மறைத்ததில் வந்தது.

ஆனால் பயந்தவனின் கண்ணும் அப்படித்தானே பார்க்கும்? ஒரு கதவு, ஒரு படிக்கட்டு, ஒரு முகம், தெருவில் போகும் பேருந்தின் கூரை. முழுக் காட்சி என்று எதுவும் அவனுக்குக் கிடைப்பதில்லை. பணமில்லாத கேமராவும் உயிருக்கு ஓடுகிறவனும் ஒரே விதமாக மூச்சு விடுகிறார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

*

எனக்குப் பிடித்த இடத்தில் துப்பாக்கியே இல்லை. பாடகன் மதுக்கடையில் வேலை கேட்கிறான். எங்களிடம் ஒரு முழு வாத்தியக் குழுவே இருக்கிறது என்கிறார் கடைக்காரர். குழு என்பது ஒரே ஆள், ஒரு கீபோர்டு. துரத்தல் தொடங்கும் முன்பே பாடகனின் தொழிலை ஓர் இயந்திரம் துரத்திவிட்டது. சிரித்தேன், பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

*

கடைசியில் பாடகனின் காதலி சாகிறாள். அவன் கிட்டார் பிடிக்கும் கையில் குண்டு பாய்கிறது. அவளுடைய மோட்டார் சைக்கிள், அவளுடைய நாய், சில ஆயுதங்கள். இவற்றோடு மறுபடி சாலை. தப்பித்தவன் வந்தவனாகத் திரும்புவதில்லை. தப்பிப்பதை வெற்றியாகக் காட்டும் எத்தனையோ படங்கள் இதை மறைத்துவிடுகின்றன.

*

ஸ்பானிஷ் வீடியோக் கடைகளுக்கென்று எடுத்த படத்தைக் கொலம்பியா நிறுவனம் வாங்கித் திரையரங்குக்குக் கொண்டுவந்தது. 1993இல் சன்டான்ஸில் பார்வையாளர் விருது. 1995இல் இதன் தொடர்ச்சியாக ‘டெஸ்பராடோ’ வந்தது. செலவு ஏறத்தாழ 70 லட்சம் டாலர், பாடகனாக அன்டோனியோ பன்டேராஸ். முதல் படத்தின் நாயகன் கார்லோஸ் கயார்டோவுக்கு அதில் சிறு வேடம்.

அதில் பாடகன் ஓடுவதில்லை, துரத்துகிறான். அழகாகச் சுடுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முதல் படம்தான் பெரிய படம்.