சிந்தனைத் துளி: மொழி கற்றவரின் கடன்

ஆங்கிலம் கற்றவர் தம் புலமையைப் பாடசாலை நிர்வாகத்துக்கும் தரவேண்டும். கற்ற மொழி மக்களுக்குப் பயன்படும் என்பதற்கு இலங்கை மலையகத்தில் சான்று சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராகி, தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலக் கவிதையில் எழுதியவர், 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்றார். மொழியறிவு அவருக்கு மக்களின் குரலாயிற்று. அத்தகைய குரல் பாடசாலைக்கு ஏன் தேவை என்பதைத் தோட்டப் பள்ளிகளின் வரலாறு சொல்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னும் அவை தோட்ட நிர்வாகத்தின் கீழேயே நீடித்தன. 1970களில்தான் அவற்றை அரசு ஏற்கத் தொடங்கியது. தேயிலைக் கொழுந்தின் எடையே கணக்காக இருந்தவர்களின் கையில் பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியதில் வியப்பில்லை.

வகுப்பறையில் நன்றாகக் கற்பித்தால் போதாதா என்பர் சிலர். போதாது. ஆசிரியர் வெற்றிடமும் ஆய்வுகூடமும் வகுப்புக்கு வெளியே தீர்மானமாகின்றன. படித்தவர் நிர்வாகத்துக்கு வந்தால் பெற்றோரின் குரல் அடங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதிபர் தலைமையில் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில், புலமையுள்ளவர் பெற்றோருக்காகப் பேசாமல், கடிதத்தையும் சுற்றறிக்கையையும் விளக்கி, அவர்களே பேசத் துணைநின்றால் அந்த அச்சம் நீங்கும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பல்கலைக்கழகம் வரை சென்ற ஒவ்வொருவரும் தம் தோட்டப் பாடசாலைக்கு அந்தத் துணையைத் தரக் கடமைப்பட்டவர்கள்.