பேச்சு யாருடைய உடைமை?

ஒருவன் ஒரு சொல்லைக் கூறுகிறான். எதிரில் நிற்பவனுக்கு அது விளங்கவில்லை. குறை யாரிடத்து? வினா எளிதெனத் தோன்றும். ஆயின் உலக வழக்கை உற்று நோக்குவார்க்கு, நாம் இதற்கு நீதியான விடை கூறுவதில்லை என்பது புலனாகும். பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால், ‘எமக்குச் செவி சற்று மந்தம், ஐயா; மறுபடியும் சொல்ல வேண்டும்’ என்று குறையை நம்மீது ஏற்றிக்கொள்கிறோம். அதே முணுமுணுப்பு ஓர் எளியவன் வாயிலிருந்து வருமாயின், ‘அவனுக்குப் பேச வராது’ என்று கணக்கை அவன் பெயரில் எழுதிவிடுகிறோம். பேச வராது என்பது சில நாளில் ‘அவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்றாகிறது. ஒன்றும் தெரியாது என்பது ‘அவனைக் கேட்க வேண்டுவதில்லை’ என்றாகிறது. இம்மூன்று படிகளையும் நாம் எத்துணை விரைவில் இறங்கிவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் கவலை.

இங்கிலாந்தில் ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ என்னும் சொல், நம் நாட்டில் அறிவுசார் குறைபாடு எனப்படுவதைக் குறிக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் மட்டும் இடர்ப்படும் பிள்ளைகளை நாம் அச்சொல்லால் குறிப்பது வேறு. அன்பர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. அந்நாட்டில், இக்குறைபாட்டோடு வளர்ந்து பெரியவர்களானோரிடையே பணிபுரியும் பேச்சு மொழிப் பயிற்சியாளர் என்றொரு தொழிலினர் உளர். அவர்தம் தொழிற்கழகம் 1945-இல் நிறுவப்பட்டது. பெயரைக் கேட்டவுடன், நாக்கைத் திருத்துவோர், உச்சரிப்பைப் பழக்குவோர் என்றே பலரும் எண்ணுவர். நாற்பது ஐம்பது வயதானவரிடத்து நாக்கைத் திருத்துவது அவர் வேலையிற் சிறு பகுதியே. இம்மனிதர் தம் கருத்தை எதனாற் காட்டுகிறார், பார்வையாலா, கையாலா, முகத்தைத் திருப்பிக்கொள்வதாலா என்று பல நாள் இருந்து கவனிக்க வேண்டும். கவனித்ததை அவரைச் சூழ்ந்துள்ளோர்க்குக் கற்பிக்க வேண்டும். வழக்கமாக மருந்தை நோயாளி உண்பார். இங்கோ பாதி மருந்தை உண்ண வேண்டியவர் அருகில் நிற்பவர்.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். ஸர்ரே மாவட்டத்தில் போட்லீஸ் பார்க் என்றொரு பெரிய மருத்துவமனை இருந்தது. அறிவுக்குறை உடையோர் எனப் பட்டம் சூட்டப்பட்டவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தனர். 1970-களின் தொடக்கத்தில் மார்கரெட் வாக்கர் என்னும் பேச்சுப் பயிற்சியாளர், செவியும் கேளாத 14 பேரை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் தேவைப்படும் சொற்களுக்குக் கைச்சைகைகளை வகுத்துப் பழக்கினார். உடன் உழைத்த கேத்தி, டோனி என்னும் இருவர் பெயர்களின் முதலெழுத்துகள் தம் பெயரின் முதலெழுத்துகளோடு சேர ‘மகடான்’ என்று அம்முறைக்குப் பெயர் வந்தது. பேசிக்கொண்டே முக்கியமான சொல்லுக்கு மட்டும் கையைக் காட்டுவது அதன் வழி. இதில் யாம் பெரிதாக மதிப்பது சைகைகளை அன்று. அச்சைகைகள் அங்கிருந்த பணியாளர்க்கும் கற்பிக்கப்பட்டன என்பதையே. பதினால்வர் கைகள் பேசக் கற்று, அவர்க்குச் சோறிடுவோர் கண்கள் கேட்கக் கல்லாவிடின், அம்முயற்சி யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

அதே ஸர்ரேயில் கேட்டர்ஹாம் என்னும் ஊரில் ஸெயிண்ட் லாரன்ஸ் மருத்துவமனையில் ஜோயி டீகன் என்றொருவர் வாழ்ந்தார். 1920-இல் பிறந்தவர். பெருமூளை வாதத்தால் கையும் காலும் நாவும் வசப்படாதவர். சிறு வயதிலேயே விடுதிக்கு வந்து, வாழ்நாளெல்லாம் அங்கேயே கழித்தார். அவர் எழுப்பும் ஒலி மருத்துவர்க்கும் தாதியர்க்கும் வெறும் ஓசை. உடன் தங்கியிருந்த எர்னி ராபர்ட்ஸ் என்பவருக்கு மட்டும் அது பேச்சு. ஜோயி சொல்ல, எர்னி அதனைத் திருப்பிச் சொல்ல, மைக்கேல் ஸாங்ஸ்டர் என்பவர் கையால் எழுத, டாம் பிளாக்பர்ன் என்பவர் தட்டச்சில் அடிக்க, நால்வருமாக ஜோயியின் வாழ்க்கை வரலாற்றை ஒவ்வொரு வரியாக எழுதி முடித்தனர். நால்வரும் ‘குறையுடையோர்’ என்று அடைக்கப்பட்டவர்களே. ‘நாக்குக் கட்டுண்டவன்’ என்று பொருள்படும் பெயரோடு அந்நூல் 1974-இல் வெளிவந்தது.

படித்த மருத்துவர்க்கு விளங்காத பேச்சு எர்னிக்கு எவ்வாறு விளங்கிற்று? எர்னி அருகில் இருந்தார், அவசரமின்றி இருந்தார், சொல்ல இவருக்கு ஏதோ இருக்கிறது என்று முதலிலேயே கொண்டார். மூன்றாவதுதான் திறவுகோல். ஆயின் உலகம் விரைவில் மாறிவிடுவதன்று என்பதற்கும் ஜோயியின் கதையே சான்று. 1981-இல் பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவரை மதிப்போடு காட்டினர். அதைப் பார்த்த பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றங்களில் ‘ஜோயி’ என்பதையே ஒரு வசைச்சொல்லாக்கிக்கொண்டனர். அவ்வாண்டே அவர் மறைந்தார்.

ஊமைத்தன்மை ஆளைப் பொறுத்ததா, இடத்தைப் பொறுத்ததா என்பதை யாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. இருபது ஆண்டு ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டினோம். நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே ஓடும் கூடத்தில் இடி விழுந்தாலும் செவியிற் படாது. பாவிழை அறுந்தால் ஒரு சைகை, ஊடைத்தார் தீர்ந்தால் ஒரு சைகை, மேஸ்திரி வருகிறார் என்பதற்கு மீசையைத் தடவும் சைகை, மற்றவையெல்லாம் உதட்டசைவு. குடும்பச் சண்டை, கூலிப் பேச்சு, நகையாட்டு அனைத்தும் அவ்விரைச்சலினுள்ளேயே நடந்தன. லங்காஷயர் ஆலைகளிலும் நெசவுப் பெண்கள் இவ்வாறே பேசினர். அதற்கு ‘மீ-மா’ என்று பெயரும் இட்டிருந்தனர். எங்கள் கூடத்திற்குப் படித்த விருந்தினர் எவரேனும் வந்தால், அங்கே ஊமையும் செவிடுமாக நின்றவர் அவரே. ஆயினும் அவருக்கு அறிவில்லை என்று எவனும் எழுதி வைக்கவில்லை.

நம்மவரில் சிலர் இவ்விடத்து, ‘அஃது அவரவர் பழவினை’ என்று ஒரே சொல்லில் வாயடைப்பர். தம்மபத உரையில் வரும் சூளபந்தகர் கதையை அவர்க்கு நினைவூட்டுகிறோம். நான்கு திங்கள் முயன்றும் ஒரு காதையை அவரால் மனனஞ்செய்ய இயலவில்லை. தமையனாரான மகாபந்தக பிக்குவே அவரை விகாரையைவிட்டு வெளியேறப் பணித்தார். முற்பிறப்பில் மந்தமதியுடைய ஒரு பிக்குவை எள்ளியதன் பயன் அது என்று உரையாசிரியர் காரணமுங் கூறுகிறார். கேட்போர் பலர் அக்காரணத்தோடு நின்றுவிடுகின்றனர். பகவான் நிற்கவில்லையே! அவர் காதையை ஓரமாக வைத்துவிட்டு, தூய துகிற்றுண்டு ஒன்றைச் சூளபந்தகர் கையிற் கொடுத்து, ஒரு சிறு சொற்றொடரைக் கூறியவாறே தேய்த்திருக்கச் செய்தார். துணி அழுக்கேறுவதைக் கண்ணாற் கண்டு, கையாலுணர்ந்து, நிலையாமையை அவர் தெளிந்தார். மாற்றப்பட்டது மாணாக்கர் அல்லர், போதிக்கும் கருவி. துணியோடு பிழைத்த எமக்கு இக்கதையில் தனிப்பற்று உண்டென்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. மேலும், துன்பம் அனைத்தும் முன்வினையே என்னும் கொள்கையை, பித்தமும் வாதமும் பருவ மாற்றமும் பிறவும் காரணமாதல் கூடும் என்று காட்டி, மோளிய சீவகருக்குப் பகவானே மறுத்துரைத்திருப்பது சம்யுத்த நிகாயத்திற் கிடக்கிறது.

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பேசாதவர்க்குக் கருத்துண்டு என்று நம்பத் தொடங்கியவர், அக்கருத்தைத் தாமே இயற்றிவிடும் அபாயம் ஒன்றுண்டு. 1970-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990-ஐ ஒட்டி அமெரிக்காவிற் பரவிய முறை ஒன்று: பேசாதவரின் கையையோ முழங்கையையோ உதவியாளர் தாங்கிக்கொள்ள, அவர் எழுத்துப் பலகையில் எழுத்துகளைத் தொடுவார். ‘பெஸிலிடேட்டட் கம்யூனிகேஷன்’ என்பது அதன் பெயர். பெற்றோர் கண்ணீர் வடித்தனர். என் பிள்ளை கவிதை எழுதுகிறான் என்றனர். பின்னர்ச் சோதித்தனர். உதவியாளர்க்கு ஒரு படத்தையும், பேசாதவர்க்கு வேறொரு படத்தையும், ஒருவர் பார்த்தது மற்றவர்க்குத் தெரியாமற் காட்டிய போது, பலகையில் எழுந்தது உதவியாளர் கண்ட படத்தின் பெயரே. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் 1995-இலும் 2018-இலும் அம்முறைக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. அவ்வுதவியாளர் பொய்யர் அல்லர். தாம் எழுதுகிறோம் என்பதையே அவர் அறியார். கருணையுடையவர் கையும் பிறர் வாயை அடைக்கும் என்பதற்கு இதனினும் கொடிய சான்றை யாம் அறியோம். ‘பேச வராது’ என்றவன் ஒருவனுடைய பேச்சைப் புறக்கணித்தான். இவரோ அவனுடைய பெயரையே எடுத்துக்கொண்டார்.

அவ்வாறாயின் எர்னியை மட்டும் ஏன் நம்புவது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஜோயிக்குச் செவி உண்டு. எர்னி திருப்பிச் சொல்வதைக் கேட்டு, அன்று என்று மறுக்க அவரால் முடியும். மறுக்க வழியுள்ள இடத்திலேதான் மொழிபெயர்ப்பு நிற்கும். பயிற்சியாளரின் கலை பெரும்பாலும் இவ்வழியை அமைப்பதே. நெடுநாள் பிறர் ஆணையில் வாழ்ந்தவர் எதற்கும் ‘ஆம்’ என்பார். ‘இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறீரா?’ ஆம். ‘துன்பமாக இருக்கிறீரா?’ அதற்கும் ஆம். ஆதலின் ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘டாக்கிங் மாட்ஸ்’ என்னும் முறையில், ஒரு விரிப்பின் மீது விருப்பம், ஐயம், வெறுப்பு என மூன்று இடம் வகுத்து, உணவு, வேலை, உடன் வாழ்வோர் என்று ஒவ்வொரு படமாகக் கையிற் கொடுத்து வைக்கச் சொல்வர். வைத்ததை எடுத்து மாற்றி வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

இவ்வளவும் கேட்டபின், கேட்டதன்படி நடக்க வேண்டுமா? இங்கேதான் உண்மையான கடினம். விழுங்குதலைப் பரிசோதிப்பதும் இப்பயிற்சியாளர் கடமையே. அறிவுசார் குறைபாடுடையோரிற் பலர்க்கு உணவு வழிதவறி மூச்சுக்குழலிற் புகும். நுரையீரல் நோய் அம்மக்களின் இறப்புக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எண்ணிட்டு வகுக்கும் முறை 2019 முதல் பிரிட்டனில் வழங்குகிறது. 4 என்பது கூழ். ஐம்பது வயதான ஒருவர் என்க. ரொட்டி அவர் தொண்டையிற் சிக்கும். அவருக்கோ வாழ்வில் எஞ்சிய இன்பம் மாலையில் தேநீரும் வாட்டிய ரொட்டியுமே. கூழைத் தள்ளிவிட்டு ரொட்டியைக் காட்டுகிறார். என் செய்வது?

இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் கூறுவது இது: விளங்கவைக்க இயன்ற உதவியெல்லாம் செய்து பாராமல், ஒருவரை முடிவெடுக்க இயலாதவர் என்னலாகாது, அறிவுடைமையற்ற முடிவு என்பதனாலேயே அவர் திறனற்றவர் ஆகார். ஆகவே பயிற்சியாளர் முதலில் படத்தோடும் பொருளோடும் அபாயத்தை விளக்க வேண்டும். அவருக்கு அது விளங்கிற்றாயின், ரொட்டி அவருடையது. நிமிர்ந்து அமர்வது, சிறு துண்டாக்குவது, அருகில் ஒருவர் இருப்பது என்று காவல் செய்யலாம், பறித்தலாகாது. விளங்கவேயில்லை எனின், பிறர் அவர் நன்மைக்கேற்ப முடிவு செய்யலாம். அந்நன்மையில் அவருடைய விருப்பும் ஒரு பங்கு. ‘அவர் கேட்டார், கொடுத்தேன்’ என்று கைகழுவும் பணியாளரும், ‘எதற்கு வம்பு’ என்று எல்லார்க்கும் கூழ் வார்க்கும் நிர்வாகமும், இருவரும் கேளாதவர்களே என்பது எமது துணிபு. இவ்விருவரில் முன்னவர் அரிது. பின்னவரையே எங்கும் காண்கிறோம்.

நம் நாட்டில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் அமைந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கருத்துப் பரிமாற்றம் என்பதற்கு இலக்கணம் வகுக்கையில், சைகையையும் எளிய மொழியையும் பேச்சுக்கு மாற்றான பிற வழிகளையும் சேர்த்தே வகுத்திருக்கிறது. சட்டத்தின் முன் ஏனையோரோடு ஒத்த தகுதியையும் அவர்க்கு அளித்திருக்கிறது. படங்களைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ என்னும் கருவி சென்னையிற் பிறந்தது. ஆயின் இவற்றைப் பற்றிப் பேசும் போதெல்லாம் குழந்தைகளையே பேசுகிறோம். குழந்தை நாற்பது வயதடைந்து, தாய்க்கு எழுபது ஆன பின் என்ன? தெருவில் அவரை இன்னும் ‘பாப்பா’ என்கிறோம். நரைத்த தலையை ‘டேய்’ என்றழைக்கிறோம்.

தம்ம உரைக்காக யாம் செல்லும் ஊர் ஒன்றில் ஓர் இல்லத்தில் அண்மையில் உணவுண்டோம். அவ்வம்மையாரின் மூத்த மகனார் பேசார், வயது நாற்பத்திரண்டு. ‘தம்பி என்ன அருந்துவார்?’ என்றோம். ‘அவனுக்கு எப்பவும் காப்பிதாங்க ஐயா’ என்றார் அன்னையார். அவரிடமே கேட்டுப் பார்க்கலாமே, அம்மா, என்று காப்பிக் குவளையையும் தேநீர்க் குவளையையும் அவர்முன் வைத்தோம். அவர் நெடுநேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு இரண்டையும் மெல்ல நகர்த்திவிட்டு, எழுந்து சென்று, மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.