அறியாமல் கூசவைக்கும் வெளிச்சம்

காரின் முகப்பு விளக்கு லோ பீமில் எரியும்போது அதன் ஒளி நேராக முன்னே போவதில்லை. சற்றே தரையை நோக்கிச் சாய்ந்து போகிறது. மெக்கானிக்குகள் ஃபோகஸ் என்று சொல்லும் இந்தச் சாய்வை ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன ஒழுங்குவிதி சதவீதத்தில் வரையறுக்கிறது. விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தொடக்கச் சாய்வு 1 முதல் 1.5 சதவீதம் வரை இருக்க வேண்டும். 1 சதவீதம் என்றால் 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். 65 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி விளிம்பு அந்தச் சாய்வில் 65 மீட்டர் தள்ளிச் சாலையைத் தொடும். சுவரில் அடித்துப் பார்த்தால் அந்த விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே ஏறக்குறைய இருட்டு. இந்தியா, இலங்கை போல இடப்பக்கமாக வண்டி ஓட்டும் நாடுகளில் கோட்டின் இடது பகுதி மட்டும் மேலேறும். ஓரமாக நடப்பவரும் மைல்கல்லும் தெரிவதற்காக அந்த ஏற்பாடு. எதிரே வருபவர் வலப்பக்கம் வருவதால் அந்தப் பக்கம் கோடு தாழ்ந்தே இருக்கும்.

சாய்வு பிசகுவதற்குப் பெரிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள ஒரு காரில் பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் கல்யாணச் சீர்வரிசையையும் அடுக்கியதில் பின்பக்கம் 5 செ.மீ. தாழ்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். 2.5 மீட்டருக்கு 5 செ.மீ. என்பது 2 சதவீதம். அதுவரை 1 சதவீதம் கீழே பார்த்த ஒளி இப்போது 1 சதவீதம் மேலே பார்க்கிறது. 70 செ.மீ. உயரத்தில் கிளம்பும் அந்த விளிம்பு 50 மீட்டர் தூரத்தில் 1.2 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். எதிரே வரும் காரின் ஓட்டுநருக்குக் கண்ணும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. கோணமாகச் சொன்னால் இந்த மாற்றம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மாற்றிய பல்பு சரியாக உட்காராவிட்டாலும், பின் ஸ்பிரிங் தளர்ந்தாலும், லேசான இடியில் விளக்கின் பிடி நகர்ந்தாலும் இதுவே நடக்கும்.

கூசும் கண்ணுக்குள் நடப்பது வெறும் எரிச்சல் அல்ல. உள்ளே நுழையும் கடும் ஒளியில் ஒரு பங்கு விழிவில்லையில் சிதறி விழித்திரை முழுவதும் ஒரு வெண்திரையாகப் படர்கிறது. மங்கலான பொருள்கள் அதில் மறைந்துபோகின்றன. ஒளிமூலம் பார்வைக்கோட்டை நெருங்க நெருங்க இது விறுவிறுவென்று கூடும்: இடையிலுள்ள கோணம் பாதியானால் திரையின் செறிவு நான்கு மடங்கு. வயதானவருக்கும் கண்புரை உள்ளவருக்கும் சிதறல் இன்னும் அதிகம். எதிர்வண்டி கடந்து போன பிறகும் பார்வை தெளியச் சில வினாடிகள் ஆகின்றன. 60 கி.மீ. வேகத்தில் மூன்று வினாடி என்பது 50 மீட்டர். அந்த 50 மீட்டரில் ஆபத்துக்கு உள்ளாகிறவர் பெரும்பாலும் இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர்கூட அல்ல. விளக்கில்லாத சைக்கிளில் ஓரமாகப் போகிறவர், சாலையைக் கடக்க நிற்கிறவர். தன்னை மறைத்த வெளிச்சம் யாருடையது என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை.

அறவியலுக்கு இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஃபோகஸ் தூக்கியிருக்கும் காரின் ஓட்டுநருக்குத் தன் இருக்கையிலிருந்து எந்தக் குறையும் தெரியாது. தூரத்துப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும். புளியமரக் கிளைகள்கூட வெளிச்சமாகத் தெரியும். விளக்கு நன்றாக வேலை செய்வதாகவே அவர் நினைப்பார். தனக்குத் துன்பம் என்று உணர்ந்ததைப் பிறருக்குச் செய்யாதிருக்க வேண்டும் என்று வள்ளுவர் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் சொல்கிறார். உலகின் பல சமயங்களிலும் இதே அறிவுரை உண்டு. ஆனால் செய்கிறவருக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியும் என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. சற்று முன் எதிர்வண்டியின் விளக்கில் கண்கூசிச் சலித்துக்கொண்டவருக்குக்கூடத் தன் விளக்கும் அப்படித்தான் என்று தோன்றுவதில்லை. எண்ணமும் இல்லை, அறிவும் இல்லை. தீங்கு மட்டும் இருக்கிறது. அத்தகைய தீங்கு பாவமாகுமா?

இந்தியச் சிந்தனையில் பௌத்தமும் சமணமும் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி இது. புத்தர் வினை என்பதையே எண்ணம் என்று வரையறுத்தார். மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் நாளந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற செல்வந்தர் மகாவீரரின் தரப்பை எடுத்துக்கொண்டு புத்தரிடம் வாதிட வருகிறார். உடல், சொல், மனம் ஆகிய மூன்றில் உடலின் செயலே கொடியது என்பது அவர் கொண்டுவந்த நிலைப்பாடு. மனத்தின் செயலே கொடியது என்பது புத்தரின் மறுமொழி. பௌத்த நூல் என்பதால் உபாலி மனம் மாறுவதோடு அது முடிகிறது. சமணரின் சூத்ரகிருதாங்கம் இதைத் திருப்பி அடிக்கிறது: எண்ணம் ஒன்றே கணக்கு என்றால், சுரைக்காய் என்று நினைத்து ஒரு குழந்தையைக் கொன்றவனுக்கும் பாவமில்லை என்றாகிவிடாதா? தமிழிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. சமணக் காப்பியமான நீலகேசியின் நாயகி புலால் உண்பது குறித்துப் பௌத்தரோடு வாதிடுவது இந்த வேற்றுமையை ஒட்டித்தான்.

ஆனால் சமணத்தின் முதிர்ந்த நிலைப்பாடு வெறும் விளைவை எண்ணுவது அல்ல. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொலைக்குத் தரும் இலக்கணத்தில் அசட்டை என்ற நிபந்தனை இருக்கிறது: விழிப்பற்ற செயலால் உயிரைப் போக்குவதே இம்சை. குந்தகுந்தரின் பிரவசனசாரம் இதைக் கடைசி வரை கொண்டுபோகிறது. உயிர் செத்தாலும் பிழைத்தாலும் விழிப்பில்லாமல் நடப்பவன் இம்சை செய்தவனே. விழிப்போடு நடப்பவனுக்கு, தவறி ஓர் உயிர் மிதிபட்டாலும், அதனால் வினைக்கட்டு இல்லை என்பது அவர் கருத்து. குற்றம் எண்ணத்திலும் இல்லை, விளைவிலும் இல்லை. பார்த்திருக்க வேண்டியதைப் பாராமல் விட்டதில் இருக்கிறது.

பௌத்தத் தரப்பிலும் இதை நோக்கி ஒரு நகர்வு உண்டு. மிலிந்த பண்ஹாவில் மன்னன் மிலிந்தன், தெரிந்து பாவம் செய்கிறவன், தெரியாமல் செய்கிறவன் இருவரில் யாருக்குப் பாவம் அதிகம் என்று நாகசேனரைக் கேட்கிறான். தெரியாமல் செய்கிறவனுக்கே என்கிறார் நாகசேனர். பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டைச் சூடு தெரியாதவன்தான் இறுகப் பிடிப்பான். அவனுக்குத்தான் கை அதிகம் வேகும். எண்ணத்தை அளவுகோலாகக் கொண்ட மரபிலிருந்து இப்படி ஒரு விடை வருவது முதலில் திகைக்க வைக்கலாம். ஆனால் முகப்பு விளக்கைப் பொறுத்தவரை அது அப்படியே பொருந்துகிறது. வேண்டுமென்றே ஹை பீமில் ஓட்டுகிறவர் எப்போதாவது டிம் செய்யக்கூடும். தான் செய்வது அவருக்குத் தெரியும். ஃபோகஸ் தூக்கியிருப்பது தெரியாதவர் ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு இரவும், எதிரே வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அதே ஒளியை அடித்துக்கொண்டே போகிறார். அறியாமையின் கொடுமை அதன் தொடர்ச்சியில் இருக்கிறது.

இவற்றுள் குந்தகுந்தரின் அளவுகோலே இந்த வழக்குக்கு மிக நெருங்கியது. ஆயினும் அதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. வழியில் நடக்கும் சமண முனிவர் குனிந்து பார்த்தால் எறும்பு தெரியும். ஓட்டுநர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் தன் விளக்கின் கூச்சம் தெரியாது, அது இன்னொருவர் கண்ணுக்குள் மட்டுமே இருப்பதால். ஆகவே இங்கே விழிப்பு என்பது மனத்தின் கவனமாக மட்டும் இருந்தால் போதாது. புறத்தே ஓர் அளவையாக மாற வேண்டும். பைபிளின் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு சட்டம் இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின் மேல் வராதபடிக்கு. விழப்போகிறவர் யார், என்றைக்கு விழுவார் என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. கடமை கட்டும்போதே வந்துவிடுகிறது.

வாகனச் சட்டங்களும் இதே வழியில் சென்று, முகமறியாத அந்த ஒருவரின் கண்ணுக்கு இடம் குறித்திருக்கின்றன. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதிப்படி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவரையும் கூசவைக்காதபடி ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். 1.5 மீட்டர் என்பது சாலையில் நிற்கும் மனிதரின் கண் உயரம். ஐ.நா. ஒழுங்குவிதிகளின் சோதனைத் திரையிலும் இப்படி ஒரு புள்ளி உண்டு. 50 மீட்டர் முன்னால், 3 மீட்டர் பக்கவாட்டில், விளக்கைவிட அரை மீட்டர் உயரத்தில் எதிர் ஓட்டுநரின் கண் இருப்பதாகக் கொண்டு, அந்த இடத்தில் விழும் ஒளிக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அயலார் என்ற பரந்த சொல்லை மூன்று அளவுகளாகச் சுருக்கிய இந்தப் புள்ளி, அறவியல் நூல்கள் கவனிக்க வேண்டிய ஒன்று.

அளவையைச் செய்து பார்ப்பது எளிது. டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், சமதரை, எதிரே 10 மீட்டரில் ஒரு சுவர். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. காரில் 1 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு, மற்றதன் பின்னால் உள்ள திருகை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் வெளிச்சத்தின் விளிம்பு சுவரில் மெல்ல இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கீழ்க்கோட்டில் வந்து உட்கார்ந்ததும் நிறுத்த வேண்டும். பிறகு அடுத்த விளக்கு. தமிழ்நாட்டில் வெகுகாலமாக விளக்கின் நடுவே ஒட்டிவரும் கறுப்பு ஸ்டிக்கர் இந்த வேலையைச் செய்யாது. அது ஒளியில் ஒரு பங்கைக் குறைக்குமே தவிர, மீதி எங்கே போகிறது என்பதை மாற்றாது.

பிறர் கண்ணைக் காக்கிறேன் என்று அளவுக்கு மேல் இறக்கிவிடுவதும் அறமாகாது. 65 செ.மீ. விளக்கை 3 சதவீதம் சாய்த்தால் ஒளி சுமார் 22 மீட்டரில் முடிந்துவிடும். பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி எடுத்துக்கொள்ளும் ஓட்டுநருக்கு உலர்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கவே ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். 1 சதவீதச் சாய்வில் கிடைக்கும் 65 மீட்டர், 80 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறையப் போதும், 100 கி.மீ.க்கு 80 மீட்டருக்கு மேல் தேவை. அப்போது ஒளியைத் தூக்குவதா, வேகத்தைக் குறைப்பதா என்ற கேள்வி வருகிறது. சமண முனிவரின் நடை ஒழுக்கமான ஈரியா சமிதி இதற்கு என்றோ விடை சொல்லியிருக்கிறது. பார்வை நான்கு முழத் தூரத் தரையில் பதிய வேண்டும், மெதுவாக நடக்க வேண்டும், பகல் வெளிச்சத்திலேயே நடக்க வேண்டும். தெரியும் தூரத்துக்கு ஏற்ற வேகம் என்பதே அதன் சாரம்.

எதிரே வருபவர் டிம் செய்யவில்லை என்றால் பதிலுக்கு ஹை பீம் அடிப்பது நெடுஞ்சாலைகளில் பழக்கமாகிவிட்டது. தீங்கும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்ற நபிமொழியின் இரண்டாம் பாதி இங்கே கண்டிப்பாகப் பொருந்தும். ஒருவருக்குப் பார்வை மறைந்த சாலையில் இருவருக்குமே பார்வையை மறைப்பதால் யாருக்கும் நியாயம் கிடைப்பதில்லை, நடுவில் நடப்பவருக்குச் சுத்தமாகக் கிடைப்பதில்லை.

பொறுப்பு முழுவதையும் ஓட்டுநர் தலையில் கட்டிவிடவும் முடியாது. சுமை ஏறும்போது ஒளியைத் தாழ்த்த டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட ஒரு குமிழ் பல கார்களில் இருக்கிறது. அது எதற்கென்று கார் விற்கும்போது சொல்லிக்கொடுக்க வேண்டியவர் விற்கிறவர். பல்பு மாற்றிய மெக்கானிக் சுவரில் ஒருமுறை அடித்துப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தால் பிழையில் அவருக்கும் பங்குண்டு, எஃப்.சி. காட்ட வந்த வண்டியில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பும் ஆய்வாளருக்கும் அப்படியே. உயரமான எஸ்.யு.வி.க்களில் கேள்வி இன்னும் கூடுகிறது. விளக்கு 1 மீட்டருக்கு மேல் இருந்தால் தொடக்கச் சாய்வு 1.5 முதல் 2 சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒழுங்குவிதி கேட்கிறது. ஆனால் சாய்வு சரியாகவே இருந்தாலும் நெருங்கி வரும் அந்த ஒளி முன்னே போகும் சிறிய காரின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். அந்தத் தீங்கைத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. விளக்கை எந்த உயரத்தில் வைப்பது என்று வரைபடத்தில் முடிவு செய்கிறவரும், அதற்கு அனுமதி தருகிற அரசும்தான் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.