துவக்க நிரலும் நோன்பின் எல்லையும்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்திய வரலாற்றில் திருவனந்தபுரத்துக்குத் தனி இடம் உண்டு. 2001 ஜூலையில், இவ்வியக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இங்கேதான் தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் தொகுப்பை உருவாக்கித் தரும் கைட் நிறுவனமும் இந்நகரிலிருந்தே இயங்குகிறது. ஒரு மென்பொருளை விரும்பியபடி இயக்கவும், அதன் மூலநிரலை, அதாவது மனிதர் படிக்கத்தக்க வடிவத்தை, ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், மாற்றியதை வெளியிடவும் எவர்க்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் அடிப்படை. படிக்கும் உரிமை பற்றிய வழக்கு இந்நகருக்குப் புதிதன்று. கண்ணம்மூலையில் 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகள், வேதத்தைக் கற்கும் தகுதியைப் பிறப்பு தீர்மானிக்க முடியாது என்று ‘வேதாதிகார நிரூபணம்’ எழுதி வாதிட்டார்.

ஆயினும் இவ்வுரிமை கணினியின் அடித்தளத்தில் தடைபடுகிறது. பொத்தானை அழுத்தியதும், இயங்குதளம் எழுவதற்கு முன்பே, நினைவகத்தையும் பிற சில்லுகளையும் ஆயத்தப்படுத்தும் துவக்க நிரலை ஃபர்ம்வேர் என்பர். அதற்குக் கட்டற்ற மாற்றாக, 1999இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் தொடங்கிய பணி இன்று கோர்பூட் என வளர்ந்துள்ளது. அதிலிருந்து மூடிய பகுதிகளை நீக்கித் தருவதற்காகப் பின்னர் லிப்ரபூட் எழுந்தது. 2008இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினியில், இன்டெல் நிறுவனத்தின் ‘மேனேஜ்மென்ட் எஞ்சின்’ எனப்படும் மூடிய துணைச் செயலியின் நிரலை முழுதும் அகற்றிவிட முடிந்தது. அடுத்து வந்த தலைமுறைகளிலோ, அந்நிரல் இல்லையென்றால் கணினி அரை மணி நேரத்தில் தானே அணைந்துவிடுமாறு அமைக்கப்பட்டது. நிறுவனம் ஒப்பமிட்ட, மூலநிரல் வெளியிடப்படாத இத்தகைய இருமக் கோப்பை ஏற்பதா மறுப்பதா என்பதில்தான் இயக்கத்தினர் பிரிகின்றனர்.

ஸ்டால்மன் வகுத்த எல்லை தெளிவானது: சில்லுக்குள் மாற்றவியலாதபடி பதிந்த நிரலை மின்சுற்றாகவே கருதி விட்டுவிடலாம், வெளியிலிருந்து ஏற்றப்படும் கோப்பு மென்பொருளாதலால் அது கட்டற்றதாகவே இருக்க வேண்டும். இவ்வெல்லையின்படி, ஒரே மூடிய நிரல் வைஃபை அட்டையின் உள்ளே ஒளிந்திருந்தால் அட்டை ஏற்புடையது. வன்தட்டில் கண்ணுக்குத் தெரியும் கோப்பாக இருந்தால் விலக்கத்தக்கது. நுண்செயலியின் உட்கட்டளைகளான மைக்ரோகோடிலும் இதே நிலைதான்: தொழிற்சாலையில் பதிந்த பழைய, பிழையுள்ள வடிவம் இருக்கலாம், 2018இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர் குறைபாட்டுக்கான திருத்தம் கூடாது என்றாகிறது. மூடிய நிரலை இவ்வாறு விலக்குவதும் ஒரு நோன்பே. நோன்பு என்பது தீங்கை விலக்குவதற்கே ஆகும் எனில், தீங்கு இருக்கும் இடத்தை மட்டும் நோக்கும் நோன்பு தன் பயனை இழக்கிறது. அது மறைவாகச் செய்பவனுக்குச் சலுகையும் வெளிப்படையாகச் செய்பவனுக்குத் தண்டனையும் அளிக்கிறது. இதுவே அவ்விதியின் மிகப் பெரிய குறை.

2022 நவம்பரில் லிப்ரபூட், மூடிய கோப்புகளை அறவே விலக்குவதைக் கைவிட்டு, இயன்றவரை குறைப்பதையே தன் கொள்கையாக ஏற்றது. பழைய கொள்கையைக் காக்க க்னூ பூட் தோன்றியது. வியப்புக்குரிய வகையில், லிப்ரபூட்டின் நிறுவனரே பழைய விதிப்படி கேனோபூட் என்னும் தனி வெளியீட்டையும் பேணி வருகிறார். திருக்குறள் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்ததும், சமணம் துறவிக்கு முழு நோன்பான மகாவிரதம், இல்லறத்தானுக்குச் சிறு நோன்பான அணுவிரதம் என வகுத்ததும் இங்கே நினைக்கத்தக்கவை. முழு நோன்பு ஏற்பவர் இல்லையேல், எது வரை செல்ல இயலும் என்பதே உலகுக்குத் தெரியாமல் போகும். அந்நோன்பை எல்லார் மீதும் சுமத்தினாலோ, பழைய எக்ஸ்200 தேடி அலைய வழியில்லாத அரசுப் பள்ளி மாணவி முற்றிலும் மூடிய மென்பொருளுக்கே திரும்ப நேரும்.

எனினும் அணுவிரதமும் விரதமே, அது சலுகையன்று. 2022 அக்டோபரில், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கும் திட்டத்தினர் வாக்களித்து, நிறுவல் வட்டில் மூடிய ஃபர்ம்வேரைச் சேர்க்க இசைந்தபோது, எது ஏற்றப்பட்டது என்பதைப் பயனருக்குத் தெரிவிக்கவும், வேண்டாதவர் அதைத் தவிர்க்கவும் வழி செய்ய வேண்டும் என்றும் முடிவெடுத்தனர். இந்த நேர்மையே இல்லறத்தானின் நோன்பு. பொதுப் பணத்தில் இயங்கும் பள்ளிக் கணினிகளுக்கும் இதே கடமை உண்டு: எந்தச் சில்லு எந்த மூடிய நிரலில் ஓடுகிறது என்பதை, படம் வரைந்து பாகம் குறிக்கும் வயதிலேயே மாணவர் அறிந்துகொள்ள வேண்டும்.

துவக்க நிரலுக்கும் அடியில் உள்ள வழக்கை நுண்செயலி வடிவமைப்பே தீர்க்க இயலும். திருவனந்தபுரத்தில் உள்ள அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய வேகா செயலிகள், எவரும் உரிமத்தொகையின்றிப் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. கட்டளைத் தொகுதி திறந்ததாயிருப்பதால் செயலியின் உள்வடிவமும் திறந்ததாகிவிடாது. அவ்வடிவத்தையே பிஎஸ்டி என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் அந்த வேறுபாட்டைச் செயலில் காட்டியது. பொதுப் பணத்தில் பிறக்கும் ஒவ்வொரு சில்லும், அதன் துவக்க நிரல் உட்பட, சக்தியின் வழியிலேயே வெளியிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை, அவற்றுக்குச் செலவிட்ட மக்களுக்கு உண்டு.